பத்து ரூபாய் மாலைகள்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கு,



இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் நம் ஊர் நடுத்தர வீடுகளை ஆள்வது மீட்டர் பெட்டிதான். கணக்கு 480-ஐத் தொட்டுவிட்டால் அயர்ன் பாக்ஸ் பரணுக்குப் போகும். தனி அறையில் ஏ.சி. போட்டுப் படுக்கிற மகன், தலையணையோடு பெற்றோர் அறைக்கு வந்துவிடுவான். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 501-வது யூனிட் தனியாக வராது, கீழ்ப்படியில் இருக்கும் சலுகையையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிற மக்களிடம் உங்கள் கட்டண உத்தரவுகள் எவ்வளவு செலவழித்தாய் என்று மட்டும்தான் கேட்கின்றன. எப்போது செலவழித்தாய் என்று கேட்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு மோட்டார் போட்டாலும், இரவு எட்டு மணிக்குப் போட்டாலும் வீட்டுக்கு ஒரே விலை. மின்வாரியம் வாங்கும் விலையோ மணிக்கு மணி மாறுகிறது.

வெயில் காயும்வரை கவலையில்லை. தமிழ்நாட்டில் 9,000 மெகாவாட்டுக்கு மேல் சூரியசக்தி நிலையங்கள் இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் அத்தனையும் சுருண்டுவிடும். தென்மேற்குக் காற்று வரும்வரை, அதாவது ஏப்ரல், மே மாலைகளில், காற்றாலைகளும் பெரிதாகக் கைகொடுக்காது. கடம்பாறையில் நீரை மேலேற்றி இறக்கும் நிலையம் 400 மெகாவாட் தரும், அவ்வளவுதான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் கைவிடும் மாலைகளில் பற்றாக்குறைக்கு மின்சந்தையில் போய்த்தான் வாங்க வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அங்கே விதித்திருக்கும் உச்சவரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய். கோடை மாலைகளில் விலை அந்த வரம்பில் முட்டிக்கொண்டு நிற்பது வாடிக்கை.

பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டை வாரியம் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே விற்கிறது. வழியில் கம்பியிலேயே கரைந்துபோவதையும் சேர்த்தால் நட்டம் இன்னும் கூடும். அந்த நேரத்தில் ஒரு யூனிட்டை நான் வேண்டாம் என்று விட்டால், அந்த ஐந்து ரூபாய் நட்டம் வாரியத்துக்கு மிச்சம். விட்ட யூனிட்டை மறுநாள் நண்பகலில் பயன்படுத்திக்கொண்டால் மிச்சம் இன்னும் பெரிது. பகலில் சந்தை விலை பெரும்பாலான நாட்களில் அந்தப் பத்து ரூபாயில் பாதிகூட இருப்பதில்லை. அந்த மிச்சத்தில் எங்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது பிரம்பு. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுகிறீர்கள். மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டுத் திருத்த விதி, 2025 ஏப்ரல் 1 முதல் விவசாயம் தவிர மற்ற எல்லோரையும் நேரவாரிக் கட்டணத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது. அந்த விதிப்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கு உச்ச நேரக் கட்டணம் குறைந்தது 1.1 மடங்கு. பகலில் 20 சதவீதம் குறைவு என்ற சலுகையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிற பெண், மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்க எட்டு மணிக்குத்தான் கிரைண்டரைப் போட முடியும். ஆடி மாதத்தில் காற்றாலை மின்சாரம் வழிந்து ஓடும் நாளிலும் அவர் அபராதம் கட்ட வேண்டுமா? நெருக்கடி வருவது ஆண்டில் சில மாலைகளில்தான். அந்த மாலைகளுக்கு மட்டும், முடிந்தவர்களிடம், பணம் கொடுத்துக் கேட்கலாமே.

பிரிட்டன் இதைச் செய்து பார்த்துவிட்டது. 2022 நவம்பரில், உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியிருந்த நேரத்தில், அங்கே மின்கட்டமைப்பை நடத்திய நேஷனல் கிரிட் இ.எஸ்.ஓ. இத்திட்டத்தைத் தொடங்கியது. முன்கூட்டியே செய்தி வரும்: நாளை மாலை இந்த ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான செலவோடு ஒப்பிட்டுக் குறைந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின் நிறுவனங்களுக்குக் கிடைத்த உத்தரவாத விலை 3 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 300 ரூபாய். அதை வைத்து அவை வீடுகளுக்குப் பணம் கொடுத்தன. 16 லட்சம் வீடுகளும் தொழில்களும் சேர்ந்தன. அந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஒத்திகைகள். 2023 ஜனவரி 23, 24 தேதிகளில் மட்டும் நிஜமாகவே தேவைப்பட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மிச்சமானது 33 லட்சம் யூனிட். கோடை உச்சத்தில் தமிழ்நாடு பத்தே நிமிடத்தில் தின்று தீர்க்கிற மின்சாரம் அது. இதற்கா இத்தனை ஆரவாரம் என்று உங்கள் அதிகாரிகள் சிரிக்கலாம். பத்து நிமிடச் சோறுதான், ஆனால் பசி எடுத்த நேரத்தில் கிடைத்தது.

காசில்லாமலும் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் வெயில் கொளுத்திய மாலையில், கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு அவசரச் செய்தி போனது. ஒரு மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது. அதையே வாரத்துக்கு இரண்டு முறை அனுப்பினால் யார் மதிப்பார்கள்? நம் ஊரில் வானிலை எச்சரிக்கைக்கே அந்தக் கதிதான்.

இனி, இதில் எனக்கே உறுத்துகிற ஒன்று. குறைப்பவருக்குப் பணம் என்றால் குறைக்க ஏதாவது இருப்பவருக்குத்தான் பணம். மூன்று ஏ.சி. வைத்திருப்பவர் ஒன்றை அணைத்துச் சம்பாதிப்பார். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு டி.வி. என்று 100 யூனிட்டுக்குள் வாழும் குடும்பம் எதை அணைக்கும்? அதனால் ஒரு யோசனை. வீடுவாரியாக அளக்காமல் டிரான்ஸ்பார்மர்வாரியாக அளந்து பாருங்கள். அந்த டிரான்ஸ்பார்மரில் குறைந்த மொத்த அளவுக்கான பணத்தை அதில் உள்ள எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோடை இரவில் பத்தரை மணிக்கு லோடு தாங்காமல் பியூஸ் போய், தெருவே வாசலுக்கு வந்து நின்று வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்குப் போன் போடுவதும் கொஞ்சம் குறையும். மூன்று ஏ.சி.க்காரர் எதையும் அணைக்காமல் பங்கு மட்டும் வாங்குவாரே என்பீர்கள். யார் வீட்டு அவுட்டோர் யூனிட் ஓடுகிறது என்பது தெருவின் காதுக்குக் கேட்கும். முதியவரோ நோயாளியோ படுத்திருக்கும் வீட்டைத் தெருவுக்கே தெரியும், அவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

ஏமாற்று வேலை வரும் என்ற பயமும் நியாயமானதே. முந்தைய நாட்களில் வேண்டுமென்றே கூட்டிக்காட்டி, அன்றைக்குக் குறைத்ததாகப் பணம் வாங்கலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் பெயரிலேயே இப்படி ஒரு விவகாரம் கிளம்பி அபராதத்தில் முடிந்தது. ஆக இது நம் ஊர்க்காரர்களின் தனித்திறமை அல்ல. நூறு, இருநூறு வீடுகள் சேர்ந்த டிரான்ஸ்பார்மர் கணக்கில் ஒருவர் தனியாக இதைச் செய்வது கடினம்.

பெரிய தடை நம்பிக்கைதான். 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, இலவச 100 யூனிட்டை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சுதான் வரிசைகளில் முதலில் ஓடியது. இதிலும் அப்படித்தான் நினைப்பார்கள். இந்தத் திட்டத்தில் சேர்ந்ததால் யாருடைய சலுகையும் போகாது என்பதை உங்கள் உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.

சென்னை தியாகராய நகரில் ஸ்மார்ட் மீட்டர்கள் சோதனைக்காக ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கின்றன. வரும் கோடையில் அங்கே வீடுவாரியாகவும், மதுரையிலும் கோவையிலும் சில தெருக்களில் டிரான்ஸ்பார்மர்வாரியாகவும் நடத்தும்படி வாரியத்துக்கு உத்தரவிடுங்கள். முடிவுகளைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் முன் வையுங்கள். பணத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூஜ்ஜியம் பில் வரும் வீட்டில் எதில் கழிப்பது? மகளிர் உரிமைத் தொகையை வங்கிக் கணக்கில் போடத் தெரிந்த அரசுக்கு, இந்த இருபது முப்பது ரூபாயையும் அதே கணக்கில் போட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வீட்டு மின் நுகர்வோர்