மறைந்த சபையின் உறுப்பினர்கள்

1908-இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து மறைந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் அதன் பெயர் இன்றும் வாழ்கிறது. ஆராதனையில் அன்று, சாதிச் சான்றிதழில். கேரளத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘எஸ்.ஐ.யு.சி. நாடார்’ இடம்பெற்றிருக்க, மலங்கரைக் கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே முதலிய சபைகளைச் சேர்ந்த நாடார்கள் நெடுங்காலம் வெளியே நின்றனர். 2021-இல்தான் அவர்களையும் சேர்க்க அரசு ஆணையிட்டது.

சாதி ஒன்று, சபை மட்டுமே வேறு. சபைப் பதிவேட்டிலுள்ள பெயர் பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்குமானால், சபை மாறுவது மனச்சான்றின் செயலாக மட்டும் இருக்க இயலாது. அதற்காக விசுவாசியைக் குறைகூறுவது நேர்மையன்று. சமூகப் பின்தங்கலை அளக்க வேண்டிய பட்டியல் சபைப் பெயரை அளந்தது. உரிமை சபையைச் சாராதபோதே, சபையைச் சார்வது விசுவாசமாகும்.