பொறியைப் புனைவோர் பெயரையும் புனைக!

அறிவியற் புனைகதை எழுதப் புகும் தமிழிளைஞர் சிலர், போர்ப்பொறி ஒன்றைக் கதைக்குள் கொணர்ந்தவுடன் தமிழைக் கைவிட்டு விடுகின்றனர். அப்பொறி வேவு பார்க்குமாம், சுடுமாம், மேடுபள்ளம் கடக்குமாம், ஆயினும் அதன் பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டுமாம்! ‘இல்லாத பொருளுக்குத் தமிழில் எங்ஙனம் பெயரிருக்கும்?’ என்பது அன்னோர் வினா. அப்பொருளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் பெயர் எங்ஙனம் வந்தது என்று அவர் எண்ணிப் பார்த்தாரல்லர்.

1903ஆம் ஆண்டு திசம்பரில், எச்சு. சி. வெல்சு என்னும் ஆங்கில எழுத்தாளர் ‘நிலத்து இரும்புக்கலங்கள்’ எனப் பொருள்படும் சிறுகதையொன்றை வெளியிட்டார். அத்தகைய ஊர்தி அன்று எந்நாட்டுப் படையிலும் இல்லை. ஆயினும் அவர் அதனை உறுப்புறுப்பாக வகுத்தார். நீளம் 80 முதல் 100 அடி. சுற்றிலும் ஓரடிப் பருமனுள்ள இரும்புத் தகடு. உள்ளே நீராவிப் பொறி. காலடித் தட்டுகள் பொருத்திய, ஏறத்தாழ 10 அடிக் குறுக்களவுள்ள இணையுருளைகள். உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும் நோக்குமாடம். சுடுநன் இருட்டறையில் அமர்ந்து, வெளிக்காட்சி விழும் சிறுபடத்திற் குறிபார்த்து, மின்மணியழுத்துவான் போல் அழுத்திச் சுடுவான். இத்துணையும் வகுத்தவர் பெயருக்கு அலையவில்லை. தம் நாட்டார் நன்கறிந்த கப்பற்பெயரையே நிலத்துக்கு ஏற்றினார்.

பின்னர் 1916 செப்தம்பர் 15ஆம் நாள், சோம் போர்க்களத்தில் ஆங்கிலேயர் மெய்யாகவே அத்தகைய ஊர்தியை இறக்கினர். அதற்கு வாய்த்த பெயர் யாது? மறைபொருள் வெளிப்படாமைக்காக இட்ட ‘தொட்டி’ என்னும் பெயரே! நீர்த்தொட்டியைக் குறிக்கும் எளிய சொல்லே உலகை நடுக்கிய பொறிக்கு நிலைபெற்றது. அதனை ‘டாங்கி’ எனத் திரித்து வழங்குவதை நம்மவர் அறிவியல் என்கின்றனர்.

தமிழுக்கோ தொட்டியைத் தேடும் நிலையுமில்லை. பகைப்புல நிலையை ஒற்றால் அறிதலை ‘வேய்’ என்று தனித்துறையாகவே வெட்சித்திணையில் வைத்தது தொல்காப்பியம். இன்றைய ‘வேவு’ம் அதன் இனமே. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் முழுமையும் ஒற்றாடலுக்கே உரியது. உடல்காக்கும் போருடைக்கு ‘மெய்ம்மறை’ என்னும் சொல்லைப் பதிற்றுப்பத்து ஆள்கின்றது. எனவே, வேவு பார்க்கும் ஊர்தி வேயூர்தி; இரும்புத் தகடு போர்த்தது மெய்ம்மறை ஊர்தி; இரண்டும் ஒருங்கமைந்தது மெய்ம்மறை வேயூர்தி. இவற்றுள் விளங்காத சொல் எது?

‘பெயரில் என்ன இருக்கிறது, கதைதானே’ என்பாரும் உளர். கதையிற் கூடப் பொறிக்குத் தமிழ்ப்பெயர் காணாத சிறுவன், பொறி என்பதே அயலானுக்கு உரியது என்று முடிவு செய்து கொள்வான். வெல்சின் கதைக்கும் சோம் களத்துக்கும் இடையே 13 ஆண்டுகளே கழிந்தன. இன்றைய புனைவு நாளைய பட்டறைக்குச் செல்லும். செல்லும்போது அதன் நெற்றியில் தமிழ்ப்பெயர் பொறித்திருத்தல் வேண்டும். எழுதுகோல் பிடித்த இளைஞர் அதனை இன்றே பொறிப்பாராக!