கள்ள ஓட்டு தேவைப்படாத ஐந்தாண்டு: மாநிலத் தேர்தல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

உள்ளாட்சித் தேர்தல் முறைகேடு என்றதும் கள்ள ஓட்டும், பட்டியலில் உயிரோடிருக்கும் இறந்தவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். இவை எதுவும் இல்லாமலே ஓர் ஊரின் வாக்கு காணாமல் போகும். சதுரங்கப்பட்டினத்தில் அது 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை காணாமல் போயிருந்தது. விதிகள் ஆணையர் அறியாதவை அல்ல. எனவே இங்கே அந்த ஐந்தாண்டு மட்டும்.

2016 செப்டம்பர் 25 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. மறுநாளே வேட்புமனு தொடங்கியது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்து, டிசம்பருக்குள் தேர்தலை முடிக்கச் சொன்னது. அந்த டிசம்பர் போனது, அடுத்த இரண்டும் போயின. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் வாக்களித்தன. சதுரங்கப்பட்டினம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அந்த வாய்ப்பில்லை. முந்தைய மாதம்தான் அது காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்திருந்தது. வார்டு மறுவரையறைக்காக உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களுக்கு நான்கு மாத அவகாசம் தந்தது. நான்கு மாதம் இருபத்திரண்டு மாதமாயிற்று. நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். ஆனால் அது 2017-ல் வரவில்லை.

வர்தா புயலின்போதும், ஊரடங்கின்போதும், நிவர் புயலின்போதும் இந்தக் கடற்கரை ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாசலில் போய் நின்று கேட்க ஊருக்குள் ஆளில்லை. 2016-ல் பதினெட்டு நிரம்பிய பெண், மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களித்த பிறகுதான், ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை இருபத்து மூன்று வயதில் கையில் வாங்கினாள்.

ஊரை அதிகாரியே ஆளும் இந்த ஏற்பாடு புதிதல்ல. உள்ளாட்சிக்கு மக்களைப் பழக்க வேண்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் 1882-ல் தீர்மானம் போட்டார். 1884-ல் சென்னை மாகாணத்துக்கு உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. மாவட்ட வாரியத்துக்குக் கலெக்டரே தலைவர்; உறுப்பினர் நியமனம் பெரிதும் அரசின் கையில். நாற்காலியில் அதிகாரி, எதிரே ஊர். 2016-ல் சதுரங்கப்பட்டினம் திரும்பிப் போனது அங்கேதான். ஒரே வித்தியாசம்: கலெக்டர் காலத்து அரசு அதை மக்களாட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தல் முறை, மேடைதோறும் பெருமையாகப் பேசப்படுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. மேடையில் யாரும் சொல்லாத வரி ஒன்று அவற்றில் உண்டு: ஊர் வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள். அதன்பின் பானைக்குள் புதிய ஓலை விழுந்தாக வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் பானையும் ஓலையும் சீட்டெடுக்க ஒரு சிறுவனும் போதுமாயிருந்தது. இன்று வாக்காளர் பட்டியலும் அச்சகமும் வாக்குச்சாவடியும் இருந்தும் முடியவில்லையாம்.

2025 சனவரியில் அந்த 27 மாவட்டங்களில் தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் திரும்பி வந்தார்கள். செங்கல்பட்டில் 2021 அக்டோபரில் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. கேட்பது அடுத்த தேர்தலுக்கு ஒரு தேதி. வழக்கு, மறுவரையறை, புயல், தொற்று என்று காரணங்களின் பட்டியல் ஊரிடமே பத்திரமாக இருக்கிறது. ஆணையம் புதிதாக ஒன்று தயாரிக்கச் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
சதுரங்கப்பட்டினம் வாக்காளர் ஒருவர்