மழிதகடும் மறந்த சொல்லும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே, தோல் பதனிடும் தொழில் சூழ்ந்த பாலாற்றங்கரை ஊர் பள்ளிகொண்டா. மழிகத்தியைத் தோல்வாரில் தீட்டி முகம் மழித்தது பழைய முறை. 1904-இல் அமெரிக்கரான கில்லெட்டு காப்புரிமை பெற்ற மெல்லிய மாற்றுத்தகடு அவ்வாரின் வேலையைக் குறைத்தது. கருவி மாறியதில் இழுக்கில்லை. ஒருவர்க்கு இட்ட தகட்டை மற்றவர்க்கு இடாதொழிந்தால் குருதிவழி பரவும் நோயும் தவிரும். ஆயின், கருவியோடு சொல்லையும் கைவிட்டதேன்? ‘சவரம்’ வடமொழி வழியது. ‘சேவிங்’, ‘ரேசர்’, ‘பிளேடு’ ஆங்கிலம். ‘மழித்தல்’ என்னும் தூய தமிழ்ச்சொல் திருக்குறள் 280-இலேயே உண்டு. உலகிற்குத் தோல் விற்கும் மண், தன் முகம் மழிக்கச் சொல் இரப்பதோ? கடைப்பலகையில் ‘மழிப்பகம்’ என எழுதுக. ‘மழிதகடு’ எனக் கேட்டு வாங்குக. தகட்டை மாற்றுக, தாய்மொழியை மாற்றற்க!