வெசாக் பூவை மரத்திலேயே விடுங்கோ

சிங்கராஜாப் பக்கம் சுற்றுலா போய்வந்த எங்கட கூட்டாளிகள் ஒருத்தரின் முகநூலில் ஒரு படம். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துத் தொங்குகிற செடி ஒன்று, வேரோடு, கையில். கீழே: "மச்சான், மரத்தில சும்மா கிடந்தது. வீட்டை கொண்டுபோய் வளர்க்கப்போறம்."

சும்மா கிடக்கவில்லை. அது வெசாக் ஓர்க்கிட். மே மாதத்தையொட்டிப் பூப்பதால் சிங்களத்தில் வெசாக் மல். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. இங்கேயும் தென்மேற்கின் ஈரக் காடுகளில்தான். தாவரவியலில் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே: 1850களில் குடியேற்றச் செயலாளராக இருந்த மக்கார்த்தியின் மனைவி பெயர். (காட்டுப் பூவுக்குத் துரைசாணி பெயர் வந்த கதையை இன்னொரு நாள் கதைப்பம்.)

புல்லுருவி என்று நினைத்துப் பிடுங்குகிறவர்களும் இருக்கினம். அது மரத்தை உறிஞ்சுவதில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் ஈரக்காற்றிலும் வாழுது, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கூடக் கோபம் வருவது "வளர்க்கிறம்" என்கிற சாட்டில்தான். ஓர்க்கிட் விதை தூசு மாதிரி. முளைக்கத் தேவையான சாப்பாடு அதுக்குள்ளே இல்லை. ஒருவகைப் பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதை இருந்தும் செடியாவது மிகச் சிலது. அது பூக்கிற வயதுக்கு வர வருசக்கணக்கு. நாங்களோ பூத்த பிறகுதான் அதைக் காணுறம். அதாவது, விதை வைக்கப்போகிற செடியாகப் பார்த்துப் பிடுங்குறம்!

தேயிலைக்கும் இறப்பருக்கும் காட்டையே வெட்டினவர்களை விட்டுவிட்டு ஒரு செடிக்கு ஏன் சண்டை என்று கேட்பீர்கள். காடு துண்டுதுண்டாக மிஞ்சியிருப்பதால்தான் ஒவ்வொரு செடியும் கணக்கு. றோட்டோரத்தில் செடி விற்கிற பெடியனிலும் பழியைப் போட நாங்கள் தயாரில்லை. வாங்க ஆளில்லாட்டி அவன் ஏன் மரத்தில ஏறுறான்? ஓர்க்கிட் வேணுமெண்டால் பண்ணையில் வாங்கலாம். பூஞ்சணமே இல்லாமல், சீனி கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கும் வழியை நட்சன் 1922இலேயே காட்டிவிட்டார்.

படத்திலிருந்த செடி யாழ்ப்பாணம் வந்தது. மாமரத்தில் தும்பு வைத்துக் கட்டி, சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணி ஊத்தினார்கள். ஆடிக் காத்தோடு வெறும் குச்சி.

வாற மே மாதம் போறவர்கள் படத்தை மட்டும் எடுங்கோ. எந்த இடமெண்டு எழுதாதேங்கோ. உங்களுக்குப் பின்னால பையோட வாறவனும் முகநூல் பார்ப்பான்.