செத்தவன் திரும்பி வந்த ஊர்

1975 ஆகஸ்ட் 27 இரவு. பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சிச் செய்தியில் சிட் மொரெய்ரா ஓர் அறிக்கையை வாசித்தார். அன்று தொடங்கவிருந்த ‘ரோக்கி சான்டெய்ரோ’ நெடுந்தொடருக்கு ராணுவ அரசின் தணிக்கைத் துறை தடை விதித்துவிட்டது. அதற்குள் பல அத்தியாயங்கள் படமாகியிருந்தன.

சீரியல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்த இரவைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி ஏந்திய அரசு ஒரு கதைக்கு ஏன் அஞ்சியது?

தொடரின் கதை நடக்கும் அசா பிராங்கா, எழுத்தாளர் டியாஸ் கோமஸ் படைத்த கற்பனை ஊர். புனிதர் சிலைகள் செய்யும் ரோக்கி, கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்கப் போராடி உயிர்விட்டான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவன் பெயரால் அற்புதங்கள் பேசப்படுகின்றன, பக்தர்கள் குவிகிறார்கள், வியாபாரம் செழிக்கிறது. அவனை மணக்காமலேயே போர்சினா அவனுடைய விதவை என்று கொண்டாடப்படுகிறாள். பதினேழு ஆண்டுகள் கழித்து ரோக்கி உயிரோடு வந்து நிற்கிறான். பண்ணையார் மால்டா, மேயர், வணிகர் என்று ஊரை ஆள்கிற யாருக்கும் அவன் வரவு பிடிக்கவில்லை. பிழைப்பே அவன் சாவில் அல்லவா இருக்கிறது!

இதன் வேர் கோமஸின் ‘வீரனின் தொட்டில்’ என்ற நாடகம். அதில் நாயகன் ராணுவச் சிப்பாய். 1965இல் அந்த நாடகம் தடை செய்யப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, சிப்பாயைச் சிலை செய்பவனாக மாற்றித் தொலைக்காட்சிக்கு எழுதினார் கோமஸ். வரலாற்றாசிரியர் நெல்சன் வெர்னெக் சோத்ரேயுடன் தொலைபேசியில் பேசும்போது, இது அந்தப் பழைய நாடகம்தான் என்று சொல்லியிருக்கிறார். உளவுத் துறை அதை ஒட்டுக்கேட்டது. போலி வீரர்களைத் தயாரித்து ஆள்கிறவர்களுக்கு இந்தக் கதையின் குறி எங்கே என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தடைபட்ட நேரத்தை நிரப்ப, கோமஸின் மனைவி ஜானெட்டி கிளேர் அதே நடிகர்களில் பலரை வைத்து வேறொரு தொடரை விரைவாக எழுதினார். அது பெருவெற்றி கண்டது.

1985 மார்ச்சில் ராணுவ ஆட்சி விலகியது. ஜூன் மாதமே ‘ரோக்கி சான்டெய்ரோ’ புதிதாகப் படமாகி ஒளிபரப்பானது. ஜோசே வில்கர் ரோக்கி, ரெஜினா துவார்த்தே போர்சினா. 1975இல் மால்டாவாக நடித்த லிமா துவார்த்தேயே மீண்டும் மால்டா ஆனார். கை வளையல்களை அவர் குலுக்கும்போது கிலுகிலுப்பைப் பாம்பின் ஒலி கேட்கும். கோமஸும் அகினால்டோ சில்வாவும் எழுதிய 209 அத்தியாயங்களைப் பிரேசிலே உட்கார்ந்து பார்த்தது. இத்தனை கூர்மையான அரசியல் விமர்சனம் இத்தனை பேர் வீட்டுக்குள் போக வேறு எந்தக் கலைவடிவம் வழி செய்திருக்கும்? நாடக அரங்கால் நிச்சயம் முடிந்திருக்காது.

கடைசி அத்தியாயத்துக்கு இரண்டு முடிவுகள் படமாக்கப்பட்டன. ஒன்றில் போர்சினா ரோக்கியோடு போகிறாள். மற்றொன்றில் மால்டாவோடு தங்கிவிடுகிறாள். 1986 பிப்ரவரியில் ஒளிபரப்பானது இரண்டாவது. ரோக்கி ஊரைவிட்டுப் போகிறான், பொய் அப்படியே நிலைக்கிறது. இருபத்தொரு ஆண்டுகள் சர்வாதிகாரத்தில் வாழ்ந்த மக்களுக்கு இனிப்பான முடிவைத் தந்து அனுப்பாத அந்தத் துணிச்சல்தான் இந்தத் தொடரின் மிகப் பெரிய நேர்மை.