பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையிடம் பேரம் பேசாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கடை வைத்திருப்பவர்களும், கெம்பஸ் பிள்ளைகளுக்கு வீட்டில் அறை கொடுத்திருப்பவர்களும் நேரமெடுத்து வாசியுங்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு அவர்களுக்கு அனுப்பி விடுங்கள்.

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒரு பல்ப் ஹோல்டர் வாங்க பேராதனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பொடியன் நின்றான். காலடியில் ஒரு ரைஸ் குக்கர், ஒரு மேசை பேன், ஒரு கேத்தல். தோளில் பெரிய பை. எக்ஸாம் முடிந்து அறையைக் காலி பண்ணுகிற பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"மூணுக்கும் சேத்து ஆயிரத்து ஐநூறு தாறன்" என்றார் கடைக்காரர்.

"நானா, குக்கர் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கினது. ஒரு வருஷம்தான் பாவிச்சனான். மூவாயிரமாவது தாங்கோ."

"அப்ப கொண்டு போங்க தம்பி. பஸ்ஸில ஏத்த விடுவாங்களோ தெரியாது."

பொடியன் போனை எடுத்து நேரத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப் போய்விட்டான்.

மூன்று நாள் கழித்து அதே கடைக்கு மறுபடி போக வேண்டி வந்தது. அந்தக் குக்கர் துடைத்து மினுக்கப்பட்டு ராக்கையில் இருந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டில் 4,000 என்று எழுதியிருந்தது. குக்கருக்கு மட்டும்.

அந்தக் கடைக்காரரை இங்கே இழுக்க நான் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நிறுவையில் மோசம் செய்யவில்லை. பொடியன் சம்மதித்துத்தான் விற்றான். அதோடு, பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு இரவாக மனம் ஒப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேராதனை கெம்பஸ் எங்களுக்குப் புதிய அயலவர் அல்ல. 1952இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் இங்கே வந்தபோது, படிக்கிற எல்லோரும் உள்ளேயே தங்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதனால்தான் ஹந்தானை அடிவாரத்திலும் மகாவலிக் கரையிலும் இத்தனை விடுதிகளைக் கட்டினார்கள். அதில் ஒன்றுக்கு உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.டி. அக்பர் அவர்களின் பெயர். மகாவலிக்குக் குறுக்கே பிள்ளைகள் நடந்து போகிற பாலத்துக்கும் அக்பர் பாலம் என்றுதான் பெயர். எங்கள் பெயர் அந்த மண்ணில் அப்படிப் பதிந்திருக்கிறது.

இன்று அங்கே ஒன்பது பீடங்கள். எல்லோருக்கும் விடுதியில் இடம் போதாது. அதனால் பிள்ளைகள் கன்னொறுவை, ஹிந்தகல, கெட்டம்பே, பிலிமத்தலாவை, கெலிஓயா என்று சுற்றுவட்டாரம் முழுக்க போடிங் தேடுகிறார்கள். அவர்களை நம்பித்தான் போட்டோ கொப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை, சில்லறைக் கடை, த்ரீவீல் எல்லாம் ஓடுகின்றன. கெம்பஸ் மூடினால் கலஹா சந்தி எப்படி வெறிச்சோடிப் போகும் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் எத்தனை அடுப்பு அந்தப் பிள்ளைகளின் காசில் எரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காசு எப்படிப்பட்ட காசு என்பதையும் யோசியுங்கள். மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்து, 2025இல்தான் 7,500 ஆனது. அப்போது அது நாளொன்றுக்கு 250 ரூபாய். ஒரு கோழிச் சோற்றுப் பார்சலுக்கே போதவில்லை. மகாபொல என்றால் பெரிய சந்தை என்று அர்த்தம். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது ஊர் ஊராக நடத்திய வர்த்தகச் சந்தைகளின் பெயர் அது. 1981இல் அந்தப் பெயரிலேயே நிதியத்துக்குச் சட்டம் வந்தது. சந்தையில் வருகிற வருமானம் படிக்கிற ஏழைப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பதுதான் யோசனை. நாங்கள் நடத்துகிற சந்தையில் அது தலைகீழாக நடக்கிறது. படிக்கிற பிள்ளையின் கையிலிருந்து எங்கள் கைக்கு வருகிறது.

செமெஸ்டர் முடிவில் நடப்பது இதுதான். இறுதி வருடப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கிழமையில் கிளம்புகிறார்கள். மெத்தை, பேன், குக்கர், மேசை விளக்கு, கல்குலேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வருகின்றன. வாங்க ஆள் இல்லை. புதிய பெட்ச் வருவதற்கு மாதக் கணக்கில் இருக்கிறது. இக்மனில் போட்டாலும், வட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும், வாங்குகிற ஆளும் அதே கிழமை வீட்டுக்குப் போகிறவனாக இருக்கிறான். ஆகவே சாமானுக்கு அந்த ஒரு கிழமைக்கு மட்டும் விலை இல்லாமல் போகிறது. புதுப் பிள்ளைகள் வந்ததும் அதே சாமானுக்கு விலை ஏறுகிறது. இடையில் அதை வைத்துக் காக்க இடம் இருக்கிறவருக்குத்தான் லாபம். அந்த இடம் எங்களிடம் இருக்கிறது.

இதே மாதத்தில் கெம்பஸுக்குள்ளே வேறொன்றும் நடக்கிறது. அதற்குக் குப்பி என்று பெயர். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எக்ஸாமுக்கு முன்னால் சீனியர் ஒருவர், பெட்சில் கெட்டிக்காரர் ஒருவர், இரவிரவாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதற்குக் காசில்லை. நோட்ஸ் கை மாறும், பழைய வினாத்தாள் கை மாறும், போட்டோ கொப்பிக் காசு மட்டும்தான் செலவு. அறிவை இப்படிச் சும்மா கொடுக்கிற பிள்ளைகள் கேற்றைத் தாண்டி எங்களிடம் வரும்போது என்ன படிக்கிறார்கள்?

என் வாப்பாவும் இதே வியாபாரம் செய்தவர்தான். அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கலஹா வீதியில் எங்களுக்குச் சின்னச் சில்லறைக் கடை ஒன்று இருந்தது. 80களின் நடுப்பகுதி. ஒவ்வொரு தவணை முடிவிலும் வாப்பா பிள்ளைகளின் சாமான்களை வாங்குவார். தூக்கி வீட்டு அட்டாலில் அடுக்குவது என் வேலை. ஒரு முறை பொறியியல் பீடப் பிள்ளை ஒருவர் வரைபலகையைக் கொண்டு வந்தார். 20 ரூபாய்க்கு வாங்கி, புதுப் பெட்ச் வந்ததும் 150க்கு விற்றார் வாப்பா. இராச் சாப்பாட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார். உம்மா கறிச்சட்டியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊட்டுக்குப் போற புள்ளட சாமான். அதில லாபம் பாத்து எங்கட புள்ளகளுக்குச் சோறு குடுத்தா பரக்கத் வருமா?"

வாப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தவணையிலிருந்து முறையை மாற்றினார். சாமானை வாங்க மாட்டார், பொறுப்பேற்பார். கடன் கொப்பியின் பின்பக்கத்தில் பெயர், ஊர் விலாசம், சாமான், எதிர்பார்க்கிற விலை எல்லாம் எழுதுவார். விற்றதும் பத்துக்கு இரண்டு தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணி ஓடரில் அனுப்புவார். மட்டக்களப்புக்கும் மாத்தறைக்கும் மணி ஓடர் போட நானே தபாற்கந்தோருக்குப் போயிருக்கிறேன். வியாபாரம் குறையவில்லை. பிள்ளைகள் தங்கள் தம்பிமாருக்கும் அந்தக் கடையையே காட்டிக் கொடுத்தார்கள்.

மார்க்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சந்தைக்குச் சரக்கோடு வருகிற வெளியூர் வியாபாரியை வழியிலேயே மறித்து, சந்தை விலை தெரியுமுன் மலிவாக வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டால், சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விற்பனையை முறிக்கிற உரிமையும் விற்றவருக்கு உண்டு. இரண்டு பேரும் சம்மதித்தால் போதும் என்றிருந்தால் இந்தத் தடைக்கே தேவை இருந்திருக்காது. அவசரத்தில், வேறு வழி இல்லாமல் வருகிற சம்மதம் வேறு. மனம் நிறைந்து வருகிற சம்மதம் வேறு. யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பொடியன் எந்த உரிமையைக் கொண்டு திரும்பி வருவான்?

"சேர், இது வியாபாரம். தர்மம் வேறு" என்று சிலர் சொல்வீர்கள். நியாயம்தான். கடைக்கு வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. வாங்குகிற பேன் ஓடுமா என்று தெரியாது, விற்குமா என்றும் தெரியாது. அதற்கெல்லாம் லாபம் எடுங்கள். நான் லாபத்துக்கு எதிரி இல்லை, வியாபாரி வீட்டுப் பிள்ளை நான். நான் கேட்பது, அந்த லாபம் சாமானை வைத்துக் காத்ததற்காக வரட்டும், பஸ் வெளிக்கிடப் போகிறது என்ற பயத்திலிருந்து வர வேண்டாம் என்பதுதான்.

போடிங் வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை கிளம்புகிற நாளில் சுவரில் ஆணி அடித்தது, பைப் ஒழுகுவது என்று அட்வான்ஸிலிருந்து வெட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உண்மையான சேதத்துக்கு வெட்டுங்கள். ஆனால் அதை ஒரு மாதம் முன்பே பார்த்துச் சொல்லுங்கள். பெக்கைத் தூக்கியபின் சொன்னால் பிள்ளை வாதாட நிற்க மாட்டான். அது உங்களுக்கும் தெரியும்.

கெம்பஸ் பிள்ளைகளே, உங்களிடமும் பேச வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு அந்தக் கடன் கொப்பியைப் பார்த்தேன். பின்பக்கக் கணக்கு முழுக்க வெட்டப்பட்டிருந்தது, எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தார். முன்பக்கத்தில் பாண், சீனி, சவர்க்காரம், சிகரெட் என்று வெட்டப்படாத பெயர்கள் எத்தனையோ. 2022இல் விலைவாசி எகிறிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள் விலை ஒரே வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அப்போதும் முகம் பார்த்துக் கடன் எழுதிய கடைகள் இந்தப் பக்கத்தில் இருந்தன. அந்தக் கடனை வைத்துவிட்டு பட்டம் வாங்கப் போவது சரியா? கடைசி எக்ஸாமுக்கு முந்திய கிழமை கடைக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். முழுதாகக் கட்ட முடியாவிட்டால் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போவதுதான் அடுத்த பெட்சுக்கு "கடன் இல்லை" என்ற போர்டாக வந்து நிற்கிறது.

இன்னொரு விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். 2018 மார்ச்சில் திகனையில் எங்கள் கடைகளும் வீடுகளும் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்கு எந்த நியாயமும் கிடையாது. எங்கள் விலைதான் காரணம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு, மற்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். இந்த நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் ஒரு பிள்ளை மூன்று நான்கு வருடம் எங்கள் வாசலில் இருந்துவிட்டுப் போகிறது. நாளைக்கு அவர்தான் ஆஸ்பத்திரியில் டொக்டர், கச்சேரியில் அதிகாரி, பாடசாலையில் ஆசிரியர். "நானா கடை" என்றால் அவருக்கு என்ன ஞாபகம் வர வேண்டும்? பயத்துக்காக நேர்மையாக இருக்கச் சொல்லவில்லை. நேர்மையாக இருந்தால் அதைப் பார்க்க இத்தனை கண்கள் எங்கள் வாசலுக்கே வருகின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, கடைக்காரர்கள் பொறுப்பேற்று விற்கிற முறையைத் தொடங்கலாம். இன்று மணி ஓடர் தேவையில்லை, போனிலேயே காசு போடலாம். கொப்பியில் நாலு வரி எழுதினால் போதும்.

இரண்டு, பள்ளிவாசல்களில் பாவிக்காத அறை ஒன்று இருந்தால், செமெஸ்டர் முடிவில் போகிற பிள்ளைகளின் சாமான்களை, எந்த இனமாக இருந்தாலும், அங்கே வைக்க விடலாம். புதுப் பெட்ச் வந்ததும் ஒரு சனிக்கிழமை அவர்களே வந்து விற்கட்டும். விற்காதது வசதியில்லாத பிள்ளைக்குப் போகட்டும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் யோசியுங்கள். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

மூன்று, பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயைத் திறக்க வேண்டும். "அந்தப் பிள்ளைக்கு ஒரு ஐநூறு கூட்டிக் கொடுங்க நானா" என்று அன்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

வாப்பாவின் கொப்பியின் பின்பக்கம் முழுக்க வெட்டப்பட்டிருந்தது என்றேன். ஒரே ஒரு வரியைத் தவிர. 1988ஆம் ஆண்டு, ஒரு மேசை விளக்கு, தென்மாகாண விலாசம். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரவில்லை. விளக்கை விற்று அந்த விலாசத்துக்கு அனுப்பிய காசு திரும்பி வந்துவிட்டதாம். வாப்பா அந்தக் காசைக் கொப்பிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். 40 ரூபாய். கடைக்கு எத்தனையோ கஷ்டம் வந்தது, அதைத் தொடவில்லை.

அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யாருடையது என்று எனக்குத் தெரியாது. என்னுடையது இல்லை என்று மட்டும் தெரியும்.

அல்லாஹ் எங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.